துப்பாக்கியின் மேனி காத்தல்

விடியற்காலையில் பால்மரக் காட்டில் இறங்குகிறவர்களுக்கு ஈரம் இன்னதென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதல்நாள் துடைத்து வைத்த பால்வெட்டுக் கத்தியில் மறுநாள் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருக்கும். பாராங்கத்திக்கும், மிதிவண்டியின் கம்பிகளுக்கும், கூரைத் தகரத்தில் அடித்த ஆணிகளுக்கும் நேர்வது இதுவே. துப்பாக்கியும் இரும்பால் ஆனதே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கத்தியில் துரு ஏறினால் சாணைக்கல்லில் தீட்டிப் போக்கிவிடலாம். துப்பாக்கியைத் தீட்ட இயலாது. அதன் ஒவ்வோர் உறுப்பும் அளவு பார்த்துக் கடையப்பட்டது. துரு குடைந்த குழி அங்கே நிலைத்துவிடும். குறிபார்க்கும் உறுப்பு இறுகிப் போகும். வார் கோக்கும் வளையம் ஒருநாள் தோளில் தொங்கும்போதே முறியும். ஆகவே இம்மாதப் பாடமாகத் துப்பாக்கியின் வெளிப்புறத்தைத் தூய்மை செய்து காக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். குழலின் உட்புறத்தைத் தூய்மை செய்தல் தனியொரு பாடம். அதனை இங்கே தொடவில்லை.

துப்பாக்கி தோட்டப்புற மக்களுக்குப் புதிய பொருளன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிருவாகத்தைச் சேர்ந்த ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள்வரை நீடித்தது. அவ்வாண்டுகளில் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காப்பதற்கெனச் சிறப்புக் காவலர்கள் பல்லாயிரவர் சேர்க்கப்பட்டனர். அவர்களிடம் பரவலாக இருந்தது, ‘திரீ நாட் திரீ’ என்று பேச்சில் வழங்கிய லீ-என்பீல்டு ரைபிள். முட்கம்பி வேலிக்குள் வாழ்ந்த அந்நாள்களைப் பற்றித் தம் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் தோட்டங்களில் இருக்கின்றனர்.

இரும்பும் மரமும் ஒன்றாய் இணைந்த படைக்கலம் என்பதால் அந்த ரைபிளையே இப்பாடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இன்று துணைப் போலீசாரும் உரிமம் பெற்றவர்களும் கையாளும் வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் பெரும்பாலும் இதே விதிகள் பொருந்தும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுவோம்.

முதலில் தோட்டா

துணியையும் எண்ணெயையும் கையில் எடுப்பதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். “இதில் தோட்டா இல்லை” என்று நம்பித் துடைக்கும்போது வெடித்த துப்பாக்கியால் மாண்டவர்கள் எல்லா நாடுகளிலும் உளர். துடைப்பவரைவிட எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவரே பலமுறை பலியாகியிருக்கிறார்.

குழலின் வாயை ஆளில்லாத திசைக்குத் திருப்பிக்கொள்க. விரல் விசையின்மேல் படக்கூடாது. முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றி எடுக்க வேண்டும். பிறகே தாழைப் பின்னுக்கு இழுத்துத் திறக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. தாழை முதலில் திறந்து குழலிலுள்ள தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு மறுபடி மூடினால், பெட்டியிலிருக்கும் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிக்கொள்ளும். துடைப்பவரோ தாம் தோட்டாவை எடுத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருப்பார். தாழ் திறந்தபின் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல், தோட்டா அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பார்ப்பது நல்லது. மங்கிய வெளிச்சத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியில் இந்தத் தொல்லை குறைவு. திறந்த உடனே இரு குழல்களும் கண்முன் தெரியும். ஆனால் குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயில் தோட்டாக்களை வரிசையாக அடுக்கும் வகை ஒன்று உண்டு. அதில் குழல் காலியானாலும் அடிக்குழாயில் தோட்டாக்கள் எஞ்சியிருக்கலாம். அவற்றை எல்லாம் எடுத்து எண்ணிப் பார்த்து, வேறோர் அறையில் வைத்துவிட்டு வந்த பிறகே துடைக்க உட்கார வேண்டும். துடைக்கும் மேசையின்மேல் ஒரு தோட்டாவும் இருக்கலாகாது.

இன்னொன்று. பல ரைபிள்களை ஒரே நேரத்தில் துடைக்கும்போது தாழ்கள் ஒன்றுக்கொன்று மாறிவிடுவது எளிது. லீ-என்பீல்டில் ஒவ்வொரு தாழும் அதன் ரைபிளுக்கென்றே பொருத்தப்பட்டது. அதன்மேல் ரைபிளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணைப் பார்த்து இணைக்காமல் கைக்குக் கிடைத்ததை மாட்டினால், தோட்டா வெடிக்கும்போது அதன் பின்புறம் சரியாகத் தாங்கப்படாமல் ஆபத்து விளையக்கூடும்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமமோ அனுமதியோ இல்லாமல் எவரும் துப்பாக்கியைத் தம் பொறுப்பில் வைத்திருத்தல் குற்றமாகும். “கொஞ்சம் துடைத்து வைத்துவிடு” என்று மகனிடமோ பக்கத்து வீட்டுத் தம்பியிடமோ கொடுத்துவிட்டுப் போவது, அன்பினால் செய்தாலும் சட்டத்தின் கண்ணில் அன்பாகத் தோன்றாது.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பைத் தாதுமணலிலிருந்து உருக்கிப் பிரித்தெடுக்கிறோம். நீரும் பிராணவாயுவும் கிடைத்தால் அது மீண்டும் மண்ணைப் போன்ற பொருளாகவே மாறிவிடும். அதுவே துரு. அலுமினியத்திலும் இத்தகைய மாற்றம் நிகழ்கிறது. ஆனால் அங்கே மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய படலம் இறுக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காத்துவிடுகிறது. இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காக உப்புகிறது. கெட்டியான இரும்பு இருந்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்தப் பொருக்கின் நுண்துளைகளில் ஈரம் தங்கும். தங்கிய ஈரம் அடியிலிருக்கும் இரும்பைத் தின்னும். ஒரு புள்ளித் துருவை அலட்சியம் செய்தவர் ஒரு மாதத்தில் குழியைக் காண்பது இதனாலேயே.

இதற்கு மழையில் நனைய வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினால் துருவேறும் வேகம் திடுமெனக் கூடிவிடுகிறது என்பதை வெர்னன் என்னும் ஆங்கில அறிஞர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ந்து கண்டார். தூசியும் புகையும் படிந்த இரும்பில் இது இன்னும் விரைவாக நடக்கும். நம் நாட்டிலோ சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டியது; இரவில் 90ஐத் தாண்டுவதும் வழக்கம். ஐரோப்பாவில் கோடைகாலத்தில் ஒரு மாதம் தொடாமல் வைக்கக்கூடிய துப்பாக்கியை இங்கே ஒரு வாரம்கூட நம்பி வைக்க முடியாது.

குளிர்ந்த இரும்பின்மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்போது பனித்துளி படியும். குளிர்சாதன அறையில் இரவெல்லாம் வைத்த துப்பாக்கியை வெளியே கொண்டுவந்ததும் அதன் குழல் வியர்த்துப் போவது இதனால்தான். அப்படியே உறைக்குள் போட்டு மூடுவது, ஈரத் துணியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். வெளிக்காற்றின் சூட்டுக்கு அது வரும்வரை திறந்து வைத்து, பிறகு துடைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் கொடிய பகை மனிதனின் கை. வியர்வையில் உப்பும் இலேசான அமிலமும் உள்ளன. நீர் உலர்ந்து போனாலும் உப்பு அங்கேயே தங்கி, காற்றிலிருக்கும் ஈரத்தை மீண்டும் மீண்டும் தன்பால் இழுத்துக்கொள்ளும். ஒருவர் துப்பாக்கியை எங்கே பிடித்தாரோ அங்கேயே அவருடைய விரல்ரேகையின் வடிவில் துரு எழும்புவதைக் காணலாம். எல்லாருடைய வியர்வையும் ஒரே தன்மையுடையதன்று. சிலர் தொட்ட இரும்பு ஒரே இரவில் சிவந்துவிடும். அப்படிப்பட்டவர் தம் கையைப் பழிக்க வேண்டியதில்லை. தொட்டபின் துடைத்துவிட்டால் போதும்.

கறுப்பு நிறம் காப்பாற்றுமா?

முற்காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தம் துப்பாக்கிக் குழலைச் செங்கற்பொடியால் தேய்த்து வெள்ளிபோல் பளபளக்க வைத்தனர். அணிவகுப்பில் பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் குழலே மெலிந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவ்வழக்கம் மெல்ல மறைந்து, இரும்பின் மேற்பரப்பைத் திட்டமிட்டுப் பழுப்பாகவோ கருநீலமாகவோ மாற்றும் முறை நிலைபெற்றது. இப்போது நாம் காணும் கருநீல நிறம் வண்ணப்பூச்சு அன்று. இரும்பின் மேற்பரப்பே ஒருவகைக் கறுப்பு ஆக்சைடாக மாற்றப்பட்டிருக்கிறது. அதன் பருமன் ஒரு தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது.

இந்த மெல்லிய படலம் தானே துருவைத் தடுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். அது தவறான எண்ணம். அதன் பெரும்பயன், தன்னுள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதே. எண்ணெய் இல்லாத கருநீலக் குழல், வெறும் இரும்பைவிடச் சிறிதே மேலானது. பிற்காலத்தில் வந்த சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு இதனினும் அதிகமாக எண்ணெயை உறிஞ்சி வைக்கும். இரண்டாம் உலகப்போரின் இறுதியிலும் அதன் பின்னும் பிரிட்டிஷ் ரைபிள்கள் பலவற்றுக்குப் பாஸ்பேட்டின்மேல் கறுப்பு வண்ணமும் பூசினர். அவ்வண்ணம் எங்கே உதிர்ந்திருக்கிறதோ அங்கே மட்டும் துரு மறைவாக நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே பரவும். ஆகையால் வண்ணம் பூசிய துப்பாக்கியில் உதிர்ந்த விளிம்புகளையே உற்றுப் பார்க்க வேண்டும்.

கருநீலப் படலத்துக்கு அமிலம் ஆகாது. வீட்டில் குத்துவிளக்கையும் பித்தளைக் குடத்தையும் புளிபோட்டுத் தேய்த்துப் பழகிய கைகள் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புளி, எலுமிச்சைச் சாறு, காடி, கடைகளில் விற்கும் துரு நீக்கும் நீர்மங்கள் ஆகியவை துருவை எடுக்கும்போதே நிறத்தையும் எடுத்துவிடும். உப்புத்தாள், செங்கற்பொடி, பாத்திரம் துலக்கும் முரட்டு நார் ஆகியவையும் வேண்டா.

துடைக்கும் முறை

தேவையானவை மிகக் குறைவு. உலர்ந்த பழைய பருத்தித் துணிகள் சில, பழைய பல்துலக்கும் தூரிகை ஒன்று, மூங்கில் குச்சி ஒன்று, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் சிறிதளவு. லீ-என்பீல்டின் அடிக்கட்டையில் பித்தளைத் தகட்டுக்குள் சிறிய அறை ஒன்று உண்டு. எண்ணெய்ப் புட்டியையும், துணி கட்டி இழுக்கும் கயிற்றையும் அதற்குள் வைத்தே படைவீரருக்குக் கொடுத்தார்கள். துடைப்பதற்கு வேண்டியதைத் துப்பாக்கிக்குள்ளேயே வைத்துக் கொடுத்த அந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

மழையில் நனைந்து வந்தால் முதல் வேலை நீரை வெளியேற்றுவது. வாரைக் கழற்றித் தனியே தொங்கவிட வேண்டும். நனைந்த பருத்தி வார் ஒருநாள் முழுவதும் ஈரத்தை வைத்துக்கொண்டு, தான் கோத்திருக்கும் வளையத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து இலேசாக உதறினால், விசைக்காப்பினுள்ளும் தோட்டாப் பெட்டியின் பள்ளத்திலும் தங்கிய நீர் வடியும். பிறகு உலர்ந்த துணியால் மேலிருந்து கீழாக ஒற்றி எடுக்க வேண்டும். சேறு ஒட்டியிருந்தால் அழுத்தித் தேய்க்கக்கூடாது. சேற்றிலிருக்கும் மணல் உப்புத்தாளைப் போலவே வேலை செய்யும். ஈரத்துணியால் சேற்றை ஊறவைத்து எடுத்தபின் உலர்த்துக. கடற்கரை ஓரத்தில் பணிசெய்து வந்தாலோ, வியர்வை மிகுதியாகப் பட்டிருந்தாலோ, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்தபின் உலர்த்த வேண்டும். உப்பு எண்ணெயில் கரையாது; நீரில்தான் கரையும். உப்பின்மேல் எண்ணெயைத் தடவுவது, கள்வனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதாகும்.

அடுத்து மூலை முடுக்குகள். வெளிப்பார்வைக்குப் பளபளக்கும் துப்பாக்கியில் துரு ஒளிந்திருக்கும் இடங்கள் சில உண்டு. குறிமுனையின் இரு காதுகளுக்கு இடையில் பார்க்க வேண்டும். பின்குறியின் கீலுக்கு அடியில் பார்க்க வேண்டும். திருகாணித் தலைகளின் பிளவு, வார்வளையத்தின் உட்புறம், அடித்தகட்டின் விளிம்பு, இரும்பும் மரமும் சந்திக்கும் கோடு ஆகியவை மற்றவை. இரட்டைக்குழல் துப்பாக்கியாயின் இரு குழல்களையும் இணைக்கும் மேற்பட்டையின் ஓரம். தூரிகையால் தூசியைத் தட்டி எடுத்து, மூங்கில் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி இவ்விடங்களைத் துடைக்கலாம். ஆணியோ ஊசியோ பயன்படுத்தினால் கீறல் விழும். கீறலில் துரு முதலில் குடியேறும்.

லீ-என்பீல்டின் குழலை ஏறத்தாழ முழு நீளத்துக்கும் மரம் மூடியிருக்கும். கனமழையில் அம்மரத்துக்குள் நீர் இறங்கிவிடும். அதைக் கழற்றித் துடைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அம்முன்கட்டையைக் கழற்றுவது படைவீரருக்கு அனுமதிக்கப்படவில்லை. ஆயுதப் பழுதுபார்ப்பவர் மட்டுமே அதைச் செய்தார். மரம் குழலைத் தொடும் இடமும் அழுத்தமும் சிறிது மாறினாலும் குறி தவறும் என்பதே காரணம். எந்தத் துப்பாக்கியானாலும், தமக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட அளவுக்கு மேல் பிரிக்காதிருப்பதே முறை. உள்ளே நீர் இறங்கியிருக்கும் என்று ஐயம் தோன்றினால் பொறுப்பாளரிடம் சொல்லுவதே போதும்.

துருவின் முதற்புள்ளி கண்டவிடத்து, அதன்மேல் எண்ணெயை இட்டுச் சில மணிநேரம் ஊறவிட வேண்டும். பிறகு முரட்டுத் துணியால் தேய்த்தால் புதிய துரு பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால், எண்ணெயில் தோய்த்த மிக நுண்ணிய இரும்பு நாரால் மெல்லத் தடவலாம். அதிலும் போகாத துருவைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை. பழுப்புத் துரு போனபின் அவ்விடம் கறுத்துத் தெரிந்தால் கவலை வேண்டா. அது தழும்பு, நோய் அன்று.

எந்த எண்ணெய், எவ்வளவு?

தோட்ட வீடுகளில் எப்போதும் கிடைப்பது தேங்காய் எண்ணெய். கதவின் கீலுக்கும் தையற்பொறிக்கும் அதையே விடுகிறார்கள். துப்பாக்கிக்கு அது உதவாது. நாள்பட்ட தேங்காய் எண்ணெய் காறிப்போய், அதில் தோன்றும் கொழுப்பமிலங்கள் உலோகத்தை அரிக்கும். மேலும், 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். கேமரன் மலையின் விடியற்காலையில் புட்டிக்குள் அது வெண்ணெயாகி நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் அமிலமும் கரியும் கலந்திருப்பதால் அதனையும் தவிர்க்க வேண்டும். மண்ணெண்ணெய் பழைய அழுக்கை நன்றாகக் கரைக்கும். ஆனால் அது ஆவியாகிப் போனபின் இரும்பு மொட்டையாக நிற்கும். மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு அதோடு விடுவது, குளித்துவிட்டு ஈர உடம்போடு காற்றில் நிற்பதைப் போன்றது.

கனிம எண்ணெயே ஏற்றது. இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் துப்பாக்கிகளுக்குப் பூசியது ‘ரங்கூன் எண்ணெய்’. பர்மாவின் நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்ட பெட்ரோலிய வகை அது. துரு தடுப்பதில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. இன்று துப்பாக்கிக்கென்றே தயாரித்த எண்ணெய்கள் பல உள்ளன. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டபிள்யூ.டி.-40, 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் நீரை விரட்டுவதற்கென உருவாக்கப்பட்டது. நனைந்த மூலைகளிலிருந்து நீரைத் தள்ளிவிட அது நன்று. ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மிக மெல்லியது. அதைத் தெளித்ததோடு நின்றுவிடாமல், துடைத்தபின் துப்பாக்கி எண்ணெய் பூச வேண்டும்.

எவ்வளவு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மிகுதியாக ஊற்றினால் மிகுதியாகக் காக்கும் என்பது உண்மையன்று. வழியும் எண்ணெயில் தூசியும் மணலும் ஒட்டிக் களிம்பாகும். துணியில் சில துளிகள் இட்டு, துணி முழுவதும் பரவும்படி கசக்கி, அத்துணியால் இரும்பைத் தடவினால் போதும். விரலால் தொட்டுப் பார்த்தால் வழுவழுப்புத் தெரிய வேண்டும். விரலில் சொட்டு நிற்கக்கூடாது. பூசியபின் வெறுங்கையால் மீண்டும் இரும்பைப் பிடித்து எடுத்து வைத்தால் அத்தனை உழைப்பும் வீண். மரத்தையோ வாரையோ பிடித்துத் தூக்கி, கடைசியாகத் தொட்ட இடத்தை அதே துணியால் தடவிவிட வேண்டும்.

அருங்காட்சியகங்களில் வைக்கும் பழைய துப்பாக்கிகளுக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகு பூசுவதுண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான நுண்படிக மெழுகு இதற்குப் பெயர் பெற்றது. அது வழியாது, தூசியை ஈர்க்காது. மழையிலும் வெயிலிலும் தோளில் சுமக்கும் துப்பாக்கிக்கோ எண்ணெயே எளிது. நாள்தோறும் துடைத்து மீண்டும் பூசலாம்.

மரம்

இரும்புக்கு ஆகாத எண்ணெய் மரத்துக்கு ஆகும். இங்கிலாந்தில் செய்த லீ-என்பீல்டின் கட்டைக்கு வாதுமை இன மரத்தைப் பயன்படுத்தினர். ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு மரங்களையே கொண்டு செய்தனர். எதுவாயினும் அதற்கு ஊட்டிய எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். அது மரத்தின் துளைகளில் இறங்கிக் காற்றுப்பட்டுக் கெட்டியாகி, நீர் உட்புகுவதைக் குறைக்கும். கையால் மெல்லியதாகத் தேய்த்து ஒருநாள் உலரவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். கட்டையில் வெண்பூஞ்சணம் படிவது நம் நாட்டில் வழக்கம். உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைத்தபின் எண்ணெய் தேய்க்கலாம். வெயிலில் காயவைத்தால் மரம் வெடிக்கும். நம் பால்மரத்தின் பலகையும் இப்படித்தான் பூஞ்சணத்துக்கும் துளைப்பான் வண்டுக்கும் எளிதில் இரையாகும். மேசை நாற்காலி செய்வதற்குமுன் அதற்குப் போரான் மருந்து ஏற்றுவது அதனால்தான்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறியக்கூடாது. அது காற்றுப்பட்டுக் கெட்டியாகும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அச்சூடு வெளியேற வழியின்றி ஏறி, எவரும் நெருப்பு வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். பலகை வீட்டில் இது எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியை விரித்துக் கொடியில் உலர்த்துக; அல்லது நீரில் அமிழ்த்தி வைத்துப் பிறகு அப்புறப்படுத்துக.

இக்காலத் துப்பாக்கிகள் சிலவற்றில் மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக்கும், இரும்புக்குப் பதில் அலுமினியமும் இடம்பெறுகின்றன. இவற்றுக்குத் துருத்தொல்லை குறைவு. எனினும் திருகாணிகளும் வளையங்களும் இரும்பே. கொசுக்கடிக்குத் தடவும் மருந்துகளில் சில, பிளாஸ்டிக்கையும் மரத்தின் மெருகையும் கரைக்கும் தன்மையுடையவை. அவற்றைத் தடவிய கையைத் துடைத்துக்கொண்ட பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும்.

தோட்டத்தில் எங்கே வைப்பது?

பால் சேகரிக்கும் கொட்டகை பூட்டும் காவலும் உள்ள இடம் என்பதால், காவலுக்கான பொருள்களையும் அங்கேயே வைக்கலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். வேதியியல் வேறாகச் சொல்லுகிறது. பாலை உறையவைக்கப் பயன்படும் பார்மிக் அமிலத்தின் ஆவி இரும்பை அரிக்கும். பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியா இரும்புக்கு அவ்வளவு பகை அன்று. அதன் பகை பித்தளையோடு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது பித்தளை உறைகள் வெடித்துக் கிடந்தன. காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே, வார்த்து இழுத்ததால் இறுக்கம் தங்கிய பித்தளையைப் பிளந்தது என்று 1921ஆம் ஆண்டில் ஆங்கில ஆய்வாளர்கள் விளக்கினர். அதன் பிறகு தோட்டா உறைகளைச் சூடுகாட்டி இறுக்கம் தணிக்கும் முறை வலுப்பெற்றது. ஆயினும் அம்மோனியா நெடி வீசும் இடத்தில் தோட்டாவையோ, துப்பாக்கியின் பித்தளை உறுப்புகளையோ வைக்காதிருப்பதே நலம்.

புகைக்கொட்டகையின் சூட்டில் துரு ஏறாது என்று கூறுவாரும் உளர். சூடு ஈரத்தைக் குறைக்கும் என்பது மெய்யே. ஆனால் விறகுப் புகையிலும் அமிலங்கள் உள்ளன. கரி படிந்த இடத்தில் ஈரமும் படியும். அடுப்புக்கு மேலுள்ள பரணுக்கும் இதுவே விடை.

தோல் உறையிலும் கான்வாசு உறையிலும் நெடுநாள் மூடி வைப்பது தவறு. தோலைப் பதப்படுத்திய உப்பும் சாரமும் அதில் எஞ்சியிருக்கும். காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சி வைக்கும். உறை, தூக்கிச் செல்வதற்கு, வைப்பதற்கன்று. தூசி புகாதிருக்கக் குழலின் வாயில் இரப்பர்த் துண்டைச் செருகுவதும் ஆகாது. உள்ளே ஈரம் அடைபடும். அதை மறந்து சுட்டால் குழல் பிளந்து சுடுபவரையே காயப்படுத்தும். நம் கையால் வெட்டி எடுத்த பாலில் பிறந்த பொருளே ஆனாலும் இரப்பருக்குத் துப்பாக்கியின் வாய் தகுந்த இடமன்று. கந்தகம் கலந்த இரப்பர் பித்தளையைக் கறுக்கவும் வைக்கும்.

பூட்டுள்ள இரும்பு அலமாரியில், சுவரை ஒட்டாமல், காற்று உலவ இடம்விட்டு நிறுத்துவதே சிறந்தது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் கிடைத்தால் அலமாரியினுள் வைக்கலாம். அவை நிரம்பிவிட்டால் சூடுகாட்டி மீண்டும் பயன்படுத்த வேண்டும். மாதக்கணக்கில் மாற்றாத மணிகள் வெறும் கூழாங்கற்களே. பயன்படுத்தாத துப்பாக்கியையும் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, மேலே சொன்ன மூலை முடுக்குகளைப் பார்த்துப் புதிய எண்ணெய்த் துணியால் தடவ வேண்டும். எண்ணெய் பூசியவுடன் குழலை மேல்நோக்கி நிறுத்தினால், மிஞ்சிய எண்ணெய் பின்னோக்கி வழிந்து, இரும்பும் மரமும் சேரும் கழுத்துப் பகுதியில் ஊறி, நாளடைவில் மரத்தை மென்மையாக்கிவிடும். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் கட்டை அவ்விடத்தில் கறுத்து நொய்ந்திருப்பதன் காரணம் இதுவே. முதல்நாள் இரவு மட்டும் குழல்வாய் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு, வாயின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு வைக்கலாம். மறுநாள் காலை அத்துணியில் கறையாக நிற்கும் எண்ணெய், முந்தைய நாள் பூசியது எவ்வளவு மிகுதி என்பதைத் தானே காட்டிவிடும்.